சிவப்பு எச்சரிக்கை

இரவு எட்டு மணிக்குப் பிறகு
ஒருவரும் வெளியில் வரக்கூடாது என்று ரேடியோ சொன்னது.
நிமலன் ஓடிப்போய்
மெழுகுதிரியும் மீன் ரின்னும் தண்ணீர்ப் போத்தலும்
வாங்கி வந்தான்.
நான் ஒன்றும் வாங்கவில்லை.
பதினான்கு மாதமாய் என் பை கட்டியபடியே கிடக்கிறது
கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவில்:
ஒரு மாற்றுடுப்பு, சவர்க்காரம்,
பொலித்தீனில் சுற்றிய கடதாசிகள்.

சென் தெனியில் இந்தத் தெருவுக்கு
மஞ்சள் ஸ்கூட்டர் பத்தேகாலுக்கு வரும்.
பத்து மணிக்கே என் வயிறு எரியத் தொடங்கும்.
எங்கள் படலையில் நிற்காமல் போனால்
ஒரு சிகரெட் பிடிக்கலாம்.
ஞாயிற்றுக்கிழமை அது வராது.
ஞாயிறு முழுக்கத் திங்களை நினைத்துக்கொண்டிருப்பேன்.

விசாரணை ஒரு திரையில் நடந்தது.
அதிகாரி பாரிசில்,
மொழிபெயர்ப்பாளர் எங்கேயோ ஒரு தொலைபேசிக்குள்,
நான் இங்கே, ஆடும் கதிரையில்.
அடித்தது எத்தனை பேர் என்று கேட்டார்கள்.
கண்ணைக் கட்டியிருந்தது என்றேன்.
சரி, எத்தனை பேர் என்று கேட்டார்கள்.

அன்றிலிருந்து இரவில் எண்ணுகிறேன்.
பூட்ஸ் சத்தங்களை எண்ணி
இரண்டால் வகுக்கிறேன்.
ஒரு நாள் நாலு பேர் வருகிறது.
ஒரு நாள் ஐந்தரை.

வியாழக்கிழமை டொக்டர் நல்ல மனுசி.
குளிசை தருவாள், தண்ணீரும் தருவாள்.
இன்னும் ஒரு வருசத்தில் உங்களை எங்கே காண்கிறீர்கள்
என்று ஒரு தடவை கேட்டாள்.
என் கடதாசியில் ஆறு மாதம்தான் இருக்கிறது, மடம்,
அதற்கு அங்கால் பார்க்க எனக்கு அனுமதி இல்லை
என்றேன்.
பகிடி என்று நினைத்துச் சிரித்தாள்.
பிறகு எழுதிக்கொண்டாள்.

பிரிபெக்சரில் நாலாம் ஜன்னல்காரியின் சட்டையில்
முத்துசாமி என்று பெயர் குத்தியிருக்கிறது.
அவள் அதை முத்துசமீ என்பாள்.
நெற்றியில் சின்னதாய்ச் சந்தனம், வாயில் பிரெஞ்சு.
எமிலியான் என்பது என் பெயர்.
அவளுடைய கொம்பியூட்டரில் அப்பாவின் பெயர்தான் முன்னுக்கு நிற்கிறது.
மொசியே சவிரிமுத்து! என்று கூப்பிடுவாள்.
ஒவ்வொரு முறையும் திரும்பிப் பார்ப்பேன்,
பேசாலைக் கடற்கரையிலிருந்து
ஈரக் காலோடு அந்த மனுசன் வந்து நிற்கிறாரோ என்று.

எட்டு மணிக்குக் காற்று வந்தது.
தகரம் கத்தியது.
கடைசி விமானம் மத்தியானமே போய்விட்டது.
தபாற்கந்தோர் பூட்டு, பிரிபெக்சர் பூட்டு.
எங்கள் ஆட்களைத் திருப்பி அனுப்புகிற கடிதத்தில்
கையெழுத்து வைக்கிற அதே பெரியவர்தான்
இதிலும் வைத்திருக்கிறாராம்:
மறு அறிவித்தல் வரும்வரை எல்லோரும் உள்ளே.
முத்துசமீயும் உள்ளே.
டொக்டரும், கடைக்காரச் சீனனும், பொலிசும்
தங்கள் தங்கள் கதவுக்குப் பின்னால்
அறிவித்தல் கேட்டுக்கொண்டு.

நான் படுத்தேன்.
பூட்ஸ் வரவில்லை.

பதினொரு மணித்தியாலம் தூங்கினேனாம்.
நிமலன் பயந்துபோய்
என் மூக்கடியில் விரல் வைத்துப் பார்த்திருக்கிறான்.
கூரையில் பாதி போய்விட்டது, எருமை, நீ எழும்பவில்லை என்றான்.
ஒரு பக்கக் கால்சட்டை முழுக்க நனைந்திருந்தது.

வெளியில் லிச்சி மரம் ஒன்று தெருவுக்குக் குறுக்கே கிடந்தது.
சனம் கூட்டிக்கொண்டிருந்தது.
பயந்துபோனீங்களா என்று பக்கத்து வீட்டுக்காரி
கையால் நெஞ்சைத் தட்டிக் காட்டிக் கேட்டாள்.
என்ன சொல்வது அவளுக்கு?
தலையாட்டினேன்.

எங்கள் தபால்பெட்டியைக் காணவில்லை.
இரண்டு வளவு தள்ளி, வாய்க்காலுக்குள்,
வாயைத் திறந்தபடி கிடந்தது.
அப்படியே விட்டிருக்கலாம்.
பெட்டி இல்லாவிட்டால் கடிதம் திரும்பிப் போகும்,
திரும்பிப் போனாலும் உங்கள் நாள் ஓடத் தொடங்கும் என்று
சங்கத்துப் பிள்ளை சொல்லியிருக்கிறாள்.

நிமலனிடம் ஆணி கேட்டேன்.
மூன்று ஆணி அடித்தேன், பிறகு இன்னொன்று.
மழையில் பெயர் கரைந்திருந்தது.
மார்க்கரைத் திறந்து வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.
சவிரிமுத்து என்றே எழுதினேன்.